படகைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

கடலூர் முதுநகர், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம் உறவுகளுக்கு வணக்கம்.

"அப்பா காலத்து மரப்படகை விறகுக்குப் போட்டுவிட்டு ஃபைபர் படகு வாங்கு" என்று சொன்னவர்கள்தான் அதிகம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று அதே படகு கடலுக்குப் போனது. நேரில் நன்றி சொன்னால் "இதுக்குப் போயா" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆசாரி மாமா. உப்பனாற்றங்கரையில் படகை ஏற்றியதும் நாங்கள் எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அவர் நேரே உள்ளே இறங்கிவிட்டார். சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல பலகை 'டண்'ணென்றது. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, ஒட்டிய மூலையில் 'பொத்'தென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், பிடி வரைக்கும் போய்விட்டது. மேலே பெயின்ட் பளபளக்கிறது, உள்ளே மரம் ரஸ்க் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து உதிர்கிறது!

கடல் தண்ணீரில் ஊறும் பலகை லேசில் மக்காதாம். உப்பு பூஞ்சைக்கு ஆகாது. மக்க வைப்பது மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை தளப்பலகை இடுக்கில் இறங்கி, காற்றே புகாத மூலையில் தேங்கினால் கதை முடிந்தது. கடல் தண்ணீரில் இருக்கும் ஆபத்து வேறு, அது மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. நல்ல தண்ணீரில் விட்டால் புழு செத்துவிடும், ஆனால் மரம் மக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில்தான் மரப்படகின் பிழைப்பு. மழை பெய்து ஓய்ந்ததும் உள்ளே கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார் மாமா. கழுவுகிறோம்.

அப்புறம், இன்ஜினியரிங் படிக்கும் எங்கள் தம்பி. மேலே ஃபைபர் சுற்றி மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, ஈரம் அளக்கும் கருவியோடு வந்து நின்றான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. எங்கள் பலகையில் அதைவிட எக்கச்சக்கம். அப்படியே மூடியிருந்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி மக்கியிருக்கும். தளப்பலகைகளைக் கழற்றிக் காற்றாட விட்டோம். நேர் வெயிலில் பலகை வெடிக்கும் என்று சித்தப்பா கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தார்.

மக்கிய பலகையை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்த்தது, துருவேறிய ஆணிகளைப் பிடுங்கியது, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துத் தண்ணீர் புகாதபடி கலப்பத்து அடித்தது எல்லாம் மாமாவும் பெரியப்பாவும். பூச்சுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தந்தவர் பண்ருட்டி அக்கா. நம் கரையில் இது பழைய வழக்கம்தான், ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும். கையுறை போடச் சொல்லி அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்காத மச்சான் கைத்தோல் உரிந்து, சில நாள் ஸ்பூனில் சோறு தின்றான்.

அடிப்பக்கத்துக்குச் செம்புச் சத்துள்ள பெயின்ட்டைக் கடனுக்குக் கொடுத்த கடைக்கார அண்ணனுக்கும், கரையேற்றவும் இறக்கவும் கயிறு பிடித்த எல்லோருக்கும் நன்றி. அண்ணே, பாக்கி அடுத்த மாதம் வந்துவிடும்.

ஆசாரி மாமா பாதிக் கூலிதான் வாங்கினார். மீதியை அத்தையிடம் கொடுத்துவிட்டேன் மாமா, வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.