மீட்டரைக் கழற்றும் முன்

ஆசிரியருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், பழைய பிக்கப் வைத்திருக்கும் ஒரு வாசகர் தன் ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். மீட்டரையே மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் முள்ளைக் கழற்றித் தள்ளிப் பொருத்துங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். இதே யோசனையைக் கேட்டு ஆறு மாதம் வீணாய்ப் போனவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். என்னிடம் 1972 ஷெவர்லே சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர், நெடுஞ்சாலையில் இன்ஜின் ரொம்பக் கத்துகிறது என்று பின் அச்சில் இருக்கும் 3.73 கிரவுன்-பினியனை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றும் பல்சக்கர ஜோடி) எடுத்துவிட்டு 3.07 போட்டிருந்தார், 28 அங்குல டயரும் 29 ஆகியிருந்தது. விற்கும்போது இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன், மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஒருநாள் 50 மைல் வரம்புள்ள ரோட்டில் முள்ளை 50-ஐத் தாண்ட விடாமல் நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலேயே விளக்கைச் சுழலவிட்டு வந்த போலீஸ்காரர் 62 என்றார். என் மீட்டர் 50 தான் காட்டியது என்றேன், மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரை ரிப்பேருக்கு அனுப்பினேன். சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி, 60-ல் சரியாக வரும்படி முள்ளைத் தள்ளிப் பொருத்தினேன். 60-ல் சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 20-ல் ஊர்ந்தால் 27 காட்டியது, ஏனென்றால் என் வண்டியில் பிழை வேகத்தோடு சேர்ந்து கூடுவது, நூற்றுக்கு இவ்வளவு என்று, முள்ளைத் தள்ளினாலோ எல்லா வேகத்திலும் ஒரே 11 மைல்தான் கூடும்.

இதன் உள்வேலை கஷ்டமானதே இல்லை. கியர்பாக்ஸின் வால் பக்கம் ஷாஃப்டில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது இன்னொரு பல்சக்கரத்தைச் சுற்ற, அதிலிருந்து கேபிள் மீட்டருக்கு வருகிறது. மீட்டருக்குள் கேபிளோடு சுற்றுவது ஒரு காந்தம். அதன் மேல் ஒட்டாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தைக் காந்தம் இழுக்க, மெல்லிய சுருள்வில் பின்னால் இழுக்க, நடுவில் எங்கே நிற்கிறதோ அதுதான் முள் காட்டும் வேகம். ஆனால் மைல் எண்ணும் சக்கரங்களுக்குக் காந்தம் கிடையாது, அவை நேராகக் கேபிளிலேயே பல்லுக்குப் பல் ஓடுகின்றன. எனக்கு விடிந்தது இந்த இடத்தில்தான். இன்டர்ஸ்டேட் 10-ல் மைல் பலகைகளைப் பார்த்துக்கொண்டே 10 மைல் ஓட்டினேன், என் வண்டி 8.1 தான் எண்ணியிருந்தது. வேகமுள்ளும் மைலும் ஒரே அளவு குறைந்தால் தப்பு மீட்டரில் இல்லை, கீழே பல்சக்கரத்திலோ டயரிலோ இருக்கிறது. மைல் சரியாக இருந்து முள் மட்டும் தப்பாக இருந்தால்தான் காந்தமோ சுருள்வில்லோ பழுது, அப்போது மீட்டரைக் கழற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. (முள் நடுங்கினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கேயோ மடங்கியிருக்கும், அது வேறு கதை.)

கணக்கு இதுதான். என் மீட்டருக்குக் கேபிள் மைலுக்குச் சுமார் 1001 சுற்று சுற்ற வேண்டும். 29 அங்குல டயர் ஒரு மைலுக்குச் சுமார் 695 தடவை சுற்றும், அதை 3.07-ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 2135 சுற்று. ஷாஃப்டில் இருப்பது 8 பல், கேபிள் பக்கம் இருந்தது பழைய 3.73-க்கான 21 பல். ஆகவே கேபிளுக்குப் போய்ச் சேர்ந்தது மைலுக்கு 813 சுற்றுதான். 21 இருந்த இடத்தில் 17 பல் போட்டால் 1005 வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் இருபது டாலர்கூட இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெயை முகத்தில் வாங்கிக்கொண்டு, அரைமணியில் முடித்தேன். பல் எண்ணிக்கை ரொம்ப மாறினால் அதைத் தாங்கும் ஸ்லீவையும் மாற்ற வேண்டியிருக்கும், எப்படியும் ஓ-ரிங்கை (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அங்கே கசியும். பொருத்தமான பல் எண்ணிக்கையே கிடைக்காத வண்டிகளுக்குக் கேபிளுக்கு நடுவில் வைக்கும் குட்டி கியர் பெட்டியும் உண்டு.

உங்கள் வாசகர் வைத்திருப்பது எந்த வண்டி என்று போடவில்லை. எதுவானாலும் கேபிள் ஓட்டும் மீட்டராக இருந்தால் இதே சோதனைதான். நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் கல் எண்ணி, தூரம் எண்ணும் ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், வேகத்துக்கு செல்போன் ஜிபிஎஸ் போதும். ஆனால் என்னுடைய 1001-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், சுற்றுக் கணக்கு மீட்டருக்கு மீட்டர் மாறும், பல மீட்டர்களில் அந்த எண்ணை முகப்பிலேயே சின்னதாக அச்சடித்திருப்பார்கள். டயர் அளவை முன்பு யாராவது மாற்றினார்களா என்று விசாரிப்பதும் நல்லது.

இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன். பெட்ரோல் குடிக்கிறதே என்று இந்த வண்டியை நான் திட்டாத நாளில்லை, கேலனுக்கு 10 மைல்தான் கொடுக்கிறது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். மைலைக் குறைத்து எண்ணினால் வேறென்ன வரும், உண்மையில் அது 12-க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. முள்ளையும் கழற்றிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அபராதப் பணம் மட்டும் திரும்ப வரவில்லை.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்