டென்ட் போடத் தடை மட்டும் போதாது, போட ஒரு இடமும் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டுக்குள் டென்ட் போட்டுத் தங்குவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானதுதான். நானும் போடிக்காரன், எங்கள் ஊர்ப் பக்கத்துக் குரங்கணி மலையில் 2018-ல் பிடித்த தீயை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச எங்கள் ஊரில் யாராலும் முடியாது. ஆனால் அவர் கேட்கும் தடை ஏற்கெனவே இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்திலேயே குற்றம். அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் நடந்தது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேற்றம் போய்க் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவர்களைத் தீ வழியிலேயே வளைத்துக்கொண்டது. 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பெரும்பாலும் சின்ன வயசு. மூணாறு பக்கம் இருக்கிற டாப் ஸ்டேஷன் பாதைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டுக் கொழுக்குமலைப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வருவதற்கு முன்னால் மேலே ஏறியது எங்கள் பக்கத்து மலைக்கிராமத்து ஆட்கள்தான், போர்வையில் கட்டித் தோளில் தூக்கி இறக்கினார்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு உயரப் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். சமதரையில் தீ பரவுவது வேறு, சரிவில் ஏறுவது வேறு. கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால் மனிதன் ஏறி ஓடித் தப்பிக்க முடியாது. அந்த மாதத்தில் அந்தப் பாதையில் இறங்கக் கூடாது என்பது குரங்கணியில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். கேட்கத்தான் ஆளில்லை.

அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி, அதிலும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கு வேலை, தீப் பருவம் வந்தால் மூடிவிடுகிறார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, கட்டணம் கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர எனக்குப் புகார் இல்லை. ஆனால் எல்லாம் காலையில் ஏறிச் சாயங்காலத்துக்குள் இறங்குகிற நடைதான். ராத்திரி மலையில் தங்க வேண்டும், விடியலை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று வருகிறவனுக்கு அதில் இடம் இல்லை. அவன் என்ன, வீட்டுக்கா திரும்பிப் போகிறான்? நேராகச் சூரியநெல்லிக்குப் போகிறான்.

வெளியூர் வாசகர்களுக்காக இந்தக் கூத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்து மண். ஆனால் அதற்கு வண்டிப்பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்துதான், எலும்பைக் கழற்றும் ஜீப் பயணம். அங்கே தனியார் போடும் டென்டில் படுத்து, நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் வைத்து ஆடிவிட்டு, காலையில் மேகத்துக்கு மேலே நின்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஜீப் வாடகையும் டென்ட் காசும் மலைக்கு அந்தப் பக்கமே போய்விடுகின்றன, தீப்பிடித்தால் மட்டும் இறங்குகிற சரிவு நம்முடையது. அதே முகட்டில் சற்றுத் தள்ளி மீசைப்புலிமலை, 2,640 மீட்டர். அங்கே கேரள வன மேம்பாட்டுக் கழகமே முகாம் நடத்துகிறது. டென்ட் அவர்களுடையது, கூட வருகிற வழிகாட்டி அவர்களுடைய ஆள், பதிவு செய்யாமல் போக முடியாது. அங்கேயும் குறை இருக்கலாம், ஆனால் யார் எங்கே படுத்திருக்கிறான் என்று சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது. 2018-ல் நமக்கு முதலில் இல்லாமல் போனது அந்தக் கணக்குத்தான்.

அதனால் நான் கேட்பது, வனத்துறையே குரங்கணி அடிவாரத்தில் ஒரு முகாம் நடத்தட்டும். மேலே வேண்டாம், புல் சரிவில் வேண்டவே வேண்டாம். ஊருக்குப் பக்கத்தில், சுற்றிலும் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு எடுத்து, கழிப்பறை கட்டி, இத்தனை பேர்தான் என்று அளவு வைத்து. ராத்திரி காவலுக்கு அந்த ஊர் ஆட்கள். பிப்ரவரி பிறந்தால் பூட்டிவிட வேண்டும், மழை கண்ட பிறகு திறந்தால் போதும். கேம்ப்ஃபயர் எந்த மாதத்திலும் கிடையாது. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு முகம் சுருங்குகிறது, நெருப்பு இல்லாமல் என்ன கேம்ப் என்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, மலை என்றால் குளிரத்தான் செய்யும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு நிஜமான பயம். டென்டுக்குள் அரிசி, வெல்லம், வாழைப்பழம் வைத்துக்கொண்டு தூங்குவது யானைக்கு இலை போட்டு அழைப்பதற்குச் சமம். அரிக்கொம்பன் யானையை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவன் சொந்த ஊரே சின்னக்கானல், கொழுக்குமலை டென்டுகளுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்தவனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே மாதம் கம்பம் டவுனுக்குள்ளேயே நடந்து வந்தான், ஜூனில் மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். செங்கல் சுவர் வைத்த கடையையே உடைக்கிற யானைக்கு நைலான் துணி எந்த மூலைக்கு? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் விடுதி போட்ட டென்டில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றது. அதனால் யானைத்தடத்தில் அரசு முகாமும் கூடாது, தனியார் முகாமும் கூடாது. எது யானைத்தடம் என்று அதிகாரி மட்டும் மேப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், முதுவான் பழங்குடியினரின் குடிகளில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுவிட்டு இடம் குறிக்க வேண்டும்.

குப்பைக்கு ஒரு வழி நீலகிரியில் ஏற்கெனவே இருக்கிறது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற முறை உயர்நீதிமன்றம் சொல்லி 2022-ல் அங்கே வந்தது. அதையே முகாம் வாசலில் தண்ணீர் பாட்டிலுக்கும் பிஸ்கட் கவருக்கும் செய்யலாமே. ஏறும்போது எண்ணி ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இறங்கும்போது எண்ணிக் காசைக் கொடுங்கள். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று போர்டு மட்டும் வைத்து என்ன நடந்தது என்பதை ஓடைக்கரையில் நடந்து பார்த்தால் தெரியும்.

வனத்துறைக்கு இருக்கிற ஆள் பற்றாக்குறையில் இது வேறயா என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் திருட்டுத்தனமாக ஏறியவனைத் தேடிப் போக ஆகும் ஆள் இதைவிட அதிகம். தவிர, குரங்கணிப் பாதை நேற்று முளைத்த சுற்றுலாப் பாதை இல்லை. மூணாறு தேயிலையை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாக அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போன பிறகும் வழியில் இருக்கிற ஊருக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற டூரிஸ்ட்டும் உண்டு, அது தனிக் கதை. அப்படிப்பட்ட வழியில் ஆட்கள் வராமல் இருக்கப் போவதில்லை.

உங்கள் தேனி நிருபரிடம் ஒரு உதவி கேட்கிறேன். குரங்கணியில் இரவு முகாம் அமைக்க வனத்துறையிடம் திட்டம் ஏதும் இருக்கிறதா, இல்லையென்றால் தடை எது, சட்டமா, பணமா, பயமா என்று மாவட்ட வன அலுவலரிடம் நேரில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கொழுக்குமலை டென்டுகளுக்கு உரிமம் கொடுப்பது எந்த மாநிலம் என்பதையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர்