வீட்டு விடுதிகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2028 மகாமகத்துக்கு முன் கும்பகோணத்தில் தங்கும் வசதியைப் பெருக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்லதுதான். ஆனால் தங்கும் வசதி என்றாலே பெரிய ஓட்டல்களை மட்டும் நினைப்பது சரியாகப் படவில்லை. நவக்கிரகத் தலங்களுக்குப் பேருந்தில் வந்து, கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு நீச்சல் குளம் எதற்கு? சுத்தமான கழிப்பறையும், விவரம் சொல்ல ஓர் ஆளும் போதும். சென்ற மார்கழியில் சுவாமிமலையில் ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கினோம். வாடகை, லாட்ஜில் கேட்டதில் பாதிகூட இல்லை. (மாடிப்படிதான் கொஞ்சம் செங்குத்து.) வீட்டுக்கார அம்மா முந்தைய இரவே, "சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்துல, காலையிலயே முடிச்சிடுங்க. மத்தியானம் நடை சாத்திட்டா அப்புறம் நாலு மணிக்குத்தான். திங்களூர் எதிர்த்திசை, அதை மறுநாள் வெச்சுக்கோங்க" என்று திட்டமே போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் வெளியூர் போய்விட, மாடி பூட்டிக் கிடக்கும் வீடுகள் டெல்டாவில் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றை வீட்டு விடுதியாக்கலாம் என்றால், அனுமதி, பதிவு, வெளிநாட்டவர் தங்கினால் அவர்களைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய விவரப் படிவம் என்று கேட்டதுமே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சுற்றுலாத் துறை பேரூராட்சிதோறும் முகாம் நடத்தி இவற்றை நேரில் சொல்லிக்கொடுத்து, பதிவான வீடுகளின் பட்டியலைக் கும்பகோணம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வாடகையோடு எழுதி வைக்கலாம்.

– வாசகர், மன்னார்குடி