அதில் அரசு எங்கேப்பா?

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் நீ வாசித்துக் காட்டிய வரி இன்னும் காதில் நிற்கிறது. "எஸ்ட் இகிதுர் ரெஸ் பூப்ளிகா ரெஸ் பொபுலி." ரோமானிய அரசியல்வாதி சிசரோ லத்தீனில் எழுதிய வரி: 'ஆகவே ரெஸ் பூப்ளிகா என்பது மக்களின் பொருள்.' ரெஸ் பூப்ளிகாவைக் 'குடியரசு' என்றே எழுதிப் பழகியவன் நான். நீ சட்டென்று, "அதில் அரசு எங்கேப்பா இருக்கிறது?" என்றாய். வாயடைத்துப் போனேன். மன்னனை விரட்டிவிட்டு, மன்னனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்ற சொல்லையே வெறுத்த ரோமானிய ஜனங்கள் வைத்த பெயருக்குள் நாம் ஓர் அரசைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்.

ரெஸ் என்றால் பொருள், உடைமை, காரியம் எல்லாம்தான் என்றாயே, அது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. வள்ளுவர் அரசியல் பேசும் இடத்துக்கும் பொருட்பால் என்றுதானே பெயர்! முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இதை லத்தீன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக இரண்டும் ஒன்று என்று உன் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடாதே. அங்கே அந்தப் பொருள் மக்களுடையது. இங்கே அது அரசன் ஈட்டிக் காத்து வகுக்க வேண்டியது.

அந்த வரி வரும் சிசரோவின் நூல் கிடைத்த கதையையும் தேடிப் படித்தேன். நம் ஏட்டைக் கரையான் தின்றது. அவர்களோ சிசரோவை எழுதிய தோலிலிருந்து எழுத்தை அழித்து, மேலே பைபிளின் சங்கீதங்களுக்குக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் சொன்ன விளக்கத்தை எழுதிவிட்டார்கள். 1819-இல் வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய் அடியிலிருந்த எழுத்தைக் கண்டுபிடித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், சிசரோ சொன்ன அந்த இலக்கணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்படி பார்த்தால் ரோம் ஒருநாளும் ரெஸ் பூப்ளிகாவாக இருந்ததில்லை என்று வாதாடியவரே அகஸ்டின்தான்.

சிசரோவும் என்னைப் போல ஓர் அப்பாதான். கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குக் கடமைகளைப் பற்றி மூன்று புத்தகம் எழுதினார். கிரேக்கத்தையும் லத்தீனையும் சேர்த்தே படி என்று அதில் புத்திமதி வேறு. பையன் பிற்பாடு பேர் வாங்கியது குடியில். நான் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். எந்தக் கூட்டம் 'மக்கள்' ஆகும் என்று சொல்லும் அடுத்த பகுதியில் 'யூரிஸ் கொன்சென்சூ', அதாவது 'யூஸ் பற்றிய உடன்பாட்டால்' என்று வருகிறதே, அந்த 'யூஸ்' சட்டமா, நீதியா? அகஸ்டின் நீதி என்று கொண்டதால்தான் அவர் வாதம் நிற்கிறது. உன் தமிழாக்கத்தில் எதைப் போட்டாய்? நான் 'முறை' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

அப்பா