தம்பிக்கு, டோட்முண்டிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "அப்பா, இனி நான் ஸ்கேட்டிங் போட்டிக்கு இறங்கமாட்டன்" என்று சொன்னபோது, நான் "சரி" என்றுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நாலு நாளாய் அந்த "சரி" நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. வாயால் சொல்ல வெளிக்கிட்டால் தொண்டை அடைக்கும், அதனால் எழுதுகிறேன்.

நேற்று வேலை முடிந்து, நீ பழகிய ஐஸ் அரங்கு இருக்கும் வெஸ்ட்பாலன்ஹாலே பக்கமாய் நடந்து வந்தேன். விடிய ஐந்தரைக்கு உன்னைக் கூட்டிப்போன அதே பாதை. ஏழு வயதில் உனக்கு ஸ்கேட்டிங் சப்பாத்தின் கயிறை இழுக்கப் பலம் காணாது. பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்த எனக்கும் விரல் விறைத்திருக்கும். மேலே இறுக்கினால் கணுக்காலில் தளரும். முழுக்கக் கழற்றி, பெருவிரல் பக்கத்திலிருந்து திரும்பக் கட்டுவோம். நான் குனிந்து கட்டும்போது நீ என் தலைமயிரில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிடுவாய்.

யான் ஹொஃப்மனைப் பற்றி அப்போது உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1980 மார்ச்சில் இதே டோட்முண்டில் உலகச் சாம்பியன் ஆனவர், நீயும் ஆகலாம் என்று. பதக்கத்தை மட்டும் சொன்னேன். மிச்சக் கதையை விட்டுவிட்டேன்.

அவர் டிரெஸ்டனில் பிறந்தவர். 1968இல் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜேர்மனிக்காக இறங்கியபோது வயது 12. வந்த இடம் 26. பிறகு கார்ல்-மார்க்ஸ்-ஸ்டட்டில், இப்போதைய கெம்னிட்ஸில், யூட்டா முல்லரிடம் பழகினார். 1974இல் மியூனிக்கில் உலகச் சாம்பியன். அதற்கு அடுத்த வருடம் முழங்கால் அவரைக் கைவிட்டது. 1975 போட்டிக்காலம் முழுவதும் ஐஸுக்கு வெளியே. திரும்பி வந்து இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் நாலாவது. 18 வயதில் உலகத்தை வென்ற பிள்ளைக்கு 20 வயதில் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அந்த இரவில் அவரோடு யார் இருந்தார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக். அந்தக் காலத்தில் கட்டாய உருவங்கள் இருந்தன. ஒற்றைக்காலில், சப்பாத்தின் அடியிலுள்ள பிளேட்டின் ஒரு விளிம்பில் நின்று, ஐஸில் எட்டுப்போல வட்டங்கள் கீறவேண்டும். கீறிய கோட்டின் மேலேயே திரும்பவும் போகவேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைத்தான் பார்ப்பார்கள். பாட்டும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. 1990க்குப் பிறகு போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் ஹொஃப்மன் முதலாவதாய் நின்றார். பாட்டோடு ஆடும் மற்ற இரண்டு பகுதியிலும் பிரித்தானியர் ரொபின் கசின்ஸ் முந்தினார். கடைசிக் கூட்டுப்புள்ளி ஹொஃப்மனுக்கு 189.72, கசின்ஸுக்கு 189.48. ஆனாலும் தங்கம் கசின்ஸுக்கு. ஒவ்வொரு நடுவரும் யாரை முதலாவதாய் வைத்தார் என்பதுதான் கணக்கு. 9 பேரில் 6 பேர் கசின்ஸை வைத்தார்கள். புள்ளி கூட இருந்தும் வெள்ளி! இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, டோட்முண்டில் கசின்ஸை வென்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். வயது 24. மருத்துவம் படித்து எலும்பு மூட்டு வைத்தியரானார். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் பெண்கள் போட்டிக்கு நடுவராயும் இருந்தார். உக்ரைனின் ஒக்சானா பையுலுக்கா, அமெரிக்காவின் நான்சி கெரிகனுக்கா தங்கம் என்று நடுவர்கள் 5க்கு 4 ஆகப் பிரிந்து பையுலுக்குக் கொடுத்த அந்தத் தீர்ப்பில் அவருடைய கையும் இருந்தது. எண்ணிக்கையில் தோற்ற மனுசன், மற்றப் பக்கம் உட்கார்ந்து எண்ணைப் போட்டார். அந்தப் பேனை அவருக்கு எவ்வளவு பாரமாய் இருந்திருக்கும்!

இதையெல்லாம் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த அன்று, நீ மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, நான் டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிழமையில் ஐஸில் ஏறலாம்?" என்பதுதான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. அது எனக்கு மறக்காது ராசா. உன் காலைக் கேட்காமல் போட்டியைக் கேட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

உன் சப்பாத்தை எடுத்து உலர்த்தி, பிளேட்டைத் துடைத்து, துணி உறை போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். கிளப்பில் ஒரு சின்னப் பெடியன் வாடகைச் சப்பாத்தில் பழகுகிறான். அவனுடைய கால் இன்னும் இரண்டு வருடத்தில் உன் அளவுக்கு வரும். கொடுப்பதா, வைத்திருப்பதா என்று நீ சொல்லு. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்.

அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பார்சலில் போட்டிருக்கிறா. லைப்சிக்கில் உன் அறை நாலாம் மாடி, லிப்ட் இல்லை என்று சொன்னாய். படி ஏறும்போது கால் இன்னும் நோகுதா?

அப்பா