படியும் உழக்கும்

அன்புள்ள கயலுக்கு,

பேரனுக்கு மனிதப் பரிணாமப் பாடம் சொல்லிக்கொடுக்க என் பழைய குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன், ஆனால் அதிலுள்ள ஒரு வரைபடத்தை மட்டும் அவனிடம் காட்ட வேண்டாம். ஆதி மனித இனமான ஹோமோ ஹேபிலிஸுக்கு 500 முதல் 800 கன சென்டிமீட்டர், அதற்குப் பின் வந்த ஹோமோ எரெக்டஸுக்கு 900, நமக்கு 1350 என்று மூளையின் அளவு ஏணிபோல் ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோட்டை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். 1400 கொண்ட நியாண்டர்தால் மனிதர் அப்படியானால் நம்மைவிட அறிவாளியா என்று நீ பள்ளி நாளிலேயே கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன்.

அந்தக் கோட்டைக் குலைத்தது இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவு. அங்குள்ள லியாங் புவா குகையில், மைக் மோர்வுட் தலைமையிலான ஆஸ்திரேலிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2003 செப்டம்பரில் ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்தில் ஹோமோ ஃபுளோரசியென்சிஸ் என்று பின்னர் பெயரிட்ட, அழிந்துபோன மனித இனத்தின் வளர்ந்த பெண் ஒருத்தியின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். எலும்புகள் கல்லாகவில்லை, நனைந்த காகிதம்போல் தொட்டால் பிய்ந்துவிடும் நிலையில் இருந்ததால், காயவிட்டுப் பசை பூசி இறுகச் செய்த பிறகே எடுக்க முடிந்தது. அவளுடைய உயரம் 106 சென்டிமீட்டர். மூளையின் கொள்ளளவு, பின்னர் நுட்பமாக அளந்தபோது, 426 கன சென்டிமீட்டர்.

எண்ணாகச் சொன்னால் மனதில் தைக்காது என்று, நேற்று அடுக்களையில் பாட்டியின் அளவைப் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். நம் வீட்டுப் படி 1340 மில்லிலிட்டர் கொள்கிறது. அதாவது, நம் மூளை கிட்டத்தட்ட ஒரு படி. அந்தப் பெண்ணின் அளவுக்குக் கால் படியான உழக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலும் அரை ஆழாக்கும் (ஆழாக்கு என்பது அரை உழக்கு) சற்றும் சேர்த்தேன். படியில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது. சிம்பன்சியின் மூளையும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஆனால் அந்தக் குகையில் கிடைத்த கல் கருவிகளை நினைத்துப் பார். ஒரு கல்லைக் கையில் பிடித்து, இன்னொன்றால் சரியான கோணத்தில் தட்டினால்தான் கூரான செதில் தெறிக்கும். கோணம் தவறினால் கல் நொறுங்கிப்போகும். ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இடம் விட்டு விழ வேண்டும். இந்த வேலையைத்தான் அந்தப் பெண்ணின் இனத்தார் 1,90,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 50,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அக்குகையில் செய்திருக்கிறார்கள்; ஸ்டெகோடான் என்னும் குள்ள யானையின் எலும்புகளில் வெட்டுத் தடங்களும் உண்டு. தீ மூட்டினார்கள் என்றும் முதலில் சொன்னார்கள். அந்த அடுப்புத் தடயங்கள் பிற்காலத்தில் வந்த நம் இன மனிதர்களுடையவையாகவே தெரிகின்றன. ஆகவே, அவர்களுக்கு இல்லாத பெருமையையும் நாம் ஏற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு சிறிய தலையோடு கருவி செய்திருக்க முடியாது, இவள் தலை வளராத நோய் கொண்ட சாதாரண மனிதப் பெண்தான் என்று சிலர் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். என் கோட்டைக் காப்பாற்றும் வாதம் என்பதால் எனக்கும் அது கொஞ்ச நாள் இனித்தது. ஆனால் மூளைப் பரிணாம ஆய்வாளர் டீன் ஃபால்க் 2005இல் மண்டையோட்டின் உட்புற வடிவை ஆராய்ந்து, அது அந்த நோயாளிகளின் மூளையை ஒத்ததல்ல என்றும், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி விரிந்திருக்கிறது என்றும் காட்டினார். 2007இல் மணிக்கட்டு எலும்புகளும் நம்முடையவை போல இல்லை என்று தெரிந்தது. பிறகு அதே தீவின் மாட்டா மெங்கேயில் ஏறத்தாழ 7,00,000 ஆண்டுப் பழமையான, இன்னும் சிறிய தாடையே கிடைத்துவிட்டது. ஒரு நோய் ஒரே தீவில் அத்தனை காலம் குடியிருக்காது.

மூளை ஏன் இவ்வளவு சிறிதாக இருந்தது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. முன்னோரே சிறு தலையோடு வந்தார்கள் என்பது ஒன்று. தீனி குறைந்த தீவில் உடல் குறுகியபோது மூளையும் குறுகியது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. நம் உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை விழுங்குகிறது. பஞ்சத்தில் முதலில் குறைக்க வேண்டிய செலவு அதுதானே. மடகாஸ்கரில் அழிந்துபோன குள்ள நீர்யானைகளிலும், உடல் குறுகிய அளவை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக மூளை குறுகியிருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அளவு குறைந்தாலும் உள்ளிருக்கும் பின்னல் சரியாக இருந்தால் கைவேலை நின்றுவிடாது போலும்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து அழிந்துபோன இன்னொரு மனித இனமான ஹோமோ நலேடியும் இப்படித்தான்: மூளை 465 முதல் 610 வரை, அரைப் படியான ஓர் உரிகூட நிரம்பாது. அவர்கள் இறந்தோரைப் புதைத்தார்கள் என்று 2023இல் வந்த செய்தியைப் பேரனிடம் உறுதியாகச் சொல்லிவிடாதே. பல ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

உன் வீட்டில் உழக்கு இல்லையே. அடுத்த மாதம் வரும்போது படியையும் உழக்கையும் பையில் போட்டுக் கொண்டுவருகிறேன். அதுவரை அந்தப் பாடத்தைத் தள்ளிவை, தண்ணீரை அவனே ஊற்றிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா