கிசான் தவணையும் தாத்தா பெயர் பட்டாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சொந்த நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை ஏறும் ஒவ்வொரு முறையும், "எனக்கு மட்டும் வரலை" என்று வேளாண் விரிவாக்க மையத்துக்கு நடப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஒய்சி பண்ணுங்க." பண்ணிய பிறகும் பணம் வராது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த 2,000 ரூபாய்க்கு மூன்று பூட்டு. கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு அதில் ஒன்று. திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி நிலையைத் திறந்தால் இ-கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு, நில விவரம் என மூன்றும் தனித்தனியே தெரியும். எது தடுக்கிறது என்று பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேஒய்சி எளிது. தேய்ந்த விரலில் ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டி முடிக்கும் செயலி 2023-லேயே வந்துவிட்டது. வங்கிதான் ஏமாற்றும். ஆதார் வழியாக அனுப்பும் பணம், அந்த ஆதாருக்கு எந்த வங்கி கடைசியாக என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிமாற்றக் கழகம்) பதிவில் ஏறியதோ அங்கேதான் போகும். கூட்டுறவு வங்கி பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருப்பவரின் தவணை, நூறு நாள் வேலைக்காகத் திறந்த கணக்கில் கிடக்கலாம். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்தால் மட்டும் போதாது. மானியம் இந்தக் கணக்குக்கே வர வேண்டும் என்ற ஒப்புதல் படிவத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நில விவரம் என்ற மூன்றாவது பூட்டுதான் துருப்பிடித்தது. தாத்தா இறந்து எத்தனையோ வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். பிள்ளைகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். உட்பிரிவு செய்ய நில அளவர் வர வேண்டும், பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தே காலம் போகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் எல்லா வாரிசுகள் பெயரையும் சேர்த்து முதலில் கூட்டுப் பட்டாவாக்கிக் கொள்ளுங்கள். ஒரே பட்டாவில் பல குடும்பத்தார் பெயர் இருந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியே தகுதி உண்டு என்கிறது திட்ட விதி. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள்; கணவன், மனைவி இருவரும் வாங்கினால் நிறுத்திவிடுவார்கள். 1.2.2019-க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலம் கணக்கில் வராது. இறப்பால் வாரிசுக்கு வந்தது வரும்.

சோதனைக் கெடுபிடியை நான் குறை சொல்லவில்லை. 2020-இல் நம் மாநிலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் நுழைந்து சுமார் 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கும். ஆனால் எத்தனை கெடுபிடி செய்தாலும் ஒருவர் மட்டும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. குத்தகைதாரர். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவருக்குப் பட்டா இல்லை. ஆகவே தவணையும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவருக்கு, வருமான வரி போன்ற விலக்குகளில் சிக்காதவரை, 6,000 ரூபாய் வருடம் தவறாமல் வந்துவிடுகிறது.

உழுவது யார் என்று அரசுக்குத் தெரியாதா? அதே குத்தகைதாரர் பயிர்க் காப்பீட்டுக்குப் போனால் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. தரும் அடங்கல் செல்லுகிறது. ஆந்திரம் 2019-இல் ஒரு சட்டமே போட்டது: 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை, உரிமை பயிர் மீது மட்டும், நிலத்தின் மீது இல்லை. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற உடைமையாளரின் பயத்துக்கும் அதில் மருந்து இருந்தது. குத்தகைதாரரில் ஒரு பகுதியினருக்கு மாநில நிதியிலிருந்தே ஆண்டுக்கு 13,500 ரூபாய் கொடுத்தார்கள். மத்திய விதி மாறும்வரை, அடங்கலில் பெயர் உள்ள குத்தகைதாரருக்கு அந்த 6,000 ரூபாயை மட்டுமாவது தமிழக அரசு தன் நிதியிலிருந்து தர வேண்டும். அதோடு, ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய மாதம் வி.ஏ.ஓ., நில அளவர், வேளாண் உதவி அலுவலர் மூவரும் ஒரே மேசையில் உட்காரும் பட்டா முகாமைக் கிராமத்திலேயே நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்